நாலு கிலோ மணல்

ஐந்தே காலுக்கு மேற்றன் லைற் போடவிடமாட்டா.
மற்றப் பிள்ளைகள் எழும்பிவிடுவார்களாம்.
வள்ளத்துக்குப் போகிற நாங்கள் ஐந்து பேரும்
இருட்டில்தான் சப்பாத்துத் தேடவேண்டும்.
ஒருநாள் ஷஸ்னாவின் இடதும் என் வலதுமாய்க்
கொம்பனித்தெரு வரை போய்விட்டேன்.

வானுக்குள் பேச்சில்லை.
மடியில் இரசாயனவியல் கொப்பி.
தெருவிளக்கு வந்தால் ஒரு வரி,
அடுத்த விளக்கு வரும்வரை அதே வரி
வாய்க்குள்.

பேரை வாவிக்கு அந்த நேரம்
ஒரு கிழமையாய் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் மணம்.
கூழைக்கடாக்கள் கட்டையில் நிற்கின்றன
அசெம்பிளியில் மாணவத் தலைவிகள் நிற்பதுபோல,
பிழை பிடிக்க.

கொக்ஸ் நாற்பத்தைந்து கிலோ இருக்கவேண்டும்
என்பது விதி.
நான் நாற்பத்தொன்று.
நீளம் பாய்தல் குழியில் அள்ளிய நாலு கிலோ மணலைத்
தலையணை உறையில் கட்டித்
தந்திரிகே மிஸ் என் காலடியில் வைத்தார்:
"இவ உன்ர நங்கி. விழவிடாதே."

துடுப்புப் போடுகிற நால்வரும்
போகிற திசைக்கு முதுகு காட்டி இருப்பார்கள்.
முன்னால் என்ன வருகிறது என்று
ஹிரண்யாவுக்குத் தெரியாது, அனூக்குக்குத் தெரியாது,
பள்ளிக்கூடத்திலேயே உயரமான தினிதிக்கும் தெரியாது.
எனக்கு மட்டும் தெரியும்.
அவர்கள் என் முகத்தைப் பார்த்து இழுக்கிறார்கள்.
நான் பயந்தால் வள்ளம் கோணும்.

பாட்டுக்குழுவில் என்னை இரண்டாம் வரிசையில் விட்டு
உதட்டை மட்டும் அசை என்றார்கள்.
விவாத அணியில் நான் மேலதிகப் பேச்சாளர்;
அதாவது துண்டு எழுதிக் கொடுக்கிறவள்.
இந்தத் தொண்டைக்கு ஒரு வேலை இருக்கிறதென்று
தண்ணீரில்தான் தெரிந்தது.

பேசாலையில் அப்பாவின் வள்ளத்துக்கு
என் பெயர்தான்.
ஜெசிந்தா, நீலத்தில் வெள்ளை எழுத்து.
ஏறத்தான் விடமாட்டார்கள்.
பெட்டை ஏறினால் மீன் படாதாம்.

ரெகாட்டா அன்று
முதல் ஐந்நூறு மீற்றரும் ஆங்கிலத்தில் கத்தினேன்,
பழக்கினபடி.
கடைசி இருநூறில் ஆங்கிலம் முடிந்துபோனது.
இழுங்கோடி, இழுங்கோ,
ஒண்டு, ரெண்டு,
சாகாதையடி தினிதி, இழு!
வந்தது மூன்றாம் இடம்.
நாலாவது வள்ளத்தில்
ஒரு துடுப்பு கழன்றுவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.
கரையில் சத்தி எடுத்து முடித்த அனூக் கேட்டாள்:
"இழுங்கோடி எண்டால் என்ன?"
அடுத்த நாள் காலை
நான் ஆங்கிலத்தில் தொடங்க,
"அது வேண்டாம், மற்றதைச் சொல்லு" என்றாள் ஷஸ்னா.

இரசாயனவியலுக்கு அறுபத்தொன்று.
மணல் என்பது சிலிக்கனீரொட்சைட்டு,
மூலர்த் திணிவு அறுபது.
நாலு கிலோ அறுபத்தாறு மூல், சொச்சம்.
இரவுப் படிப்பில் இதைச் செய்துகொண்டிருந்தபோது
மேற்றன் எட்டிப் பார்த்து
"நல்லா படிக்கிறாய்" என்றா.

விடுதிப் பருப்பையும் பாணையும் குறை சொல்லக்கூடாது.
தவணைக்குத் தவணை நங்கி மெலிந்து வந்தாள்.
இன்று தராசில் நாற்பத்து நாலு, இருநூறு.
மிஸ் முடிச்சை அவிழ்த்து
மிச்சத்தைக் குழியில் கொட்டி
எண்ணூறு கிராமைத் திரும்பக் கட்டினார்.
காலடி வெறுமையாய் இருந்தது.
பெருவிரலால் இரண்டுமுறை தேடினேன்.

ஞாயிறு பின்னேரம், போன் வரிசை, ஆளுக்கு ஐந்து நிமிடம்.
அம்மாவுக்கு அறுபத்தொன்றைச் சொன்னேன்.
மூன்று நிமிடம் அதற்கே போனது.
பிறகு அப்பா:
"வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிறம் பிள்ளை,
என்ன நிறம் அடிப்பம்?"
நிறம் ஒன்றும் வாயில் வரவில்லை.
"அது எத்தினை கிலோ அப்பா?" என்றேன்.
அந்தப் பக்கம் காற்று இரைந்தது.
"ஏன் கேக்கிறாய்?"

பின்னால் நின்றவள்
தோளில் தட்டினாள்.